பதினோரு நொடி

கிளாய்பேடா துறைமுகத்தின் கிரேன்கள்
பனிமூட்டத்துக்குள் கழுத்தைச் செருகிக்கொண்ட இரவு.
நான்காம் மாடியில் ஸ்கிர்மாந்தே
நீதிமன்ற ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு
எழுத்தாக்கிக்கொண்டிருக்கிறாள்.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி,
அதுவும் பேச்சுக்குத்தான்.
பேசாமல் இருந்தவற்றுக்கெல்லாம்
அடைப்புக்குறிக்குள் ஒரே சொல்: அமைதி.

"அன்றிரவு கதவைத் திறந்துவிட்டது யார்?"
வழக்கறிஞர் கேட்கிறார்.
சாட்சிப் பெண் வாய் திறக்கவில்லை.
பதில் வரவேண்டிய இடத்தில்
டிக்.
கொஞ்சம் பொறுத்து டிக் டிக்.
வீட்டுச் சுவரில் பல்லியே இல்லாத ஊரில்
பல்லி சொல்வதுபோல.

மடிக்கணினியின் வயதான வட்டுதான், வேறென்ன.
நிமிடத்துக்கு ஐயாயிரத்து நானூறு சுற்று.
சாவியைத் தொலைத்தவன்போல்
அதன் முனை அங்கும் இங்கும் ஓடித் தடவுகிறது.
சத்தமே போடாத புதிய வகை கடையில் இருக்கிறது.
இருக்கட்டும்.
ஜனவரி மாத வெப்பக் கட்டணம்
பிரிக்காத உறைக்குள் இருக்கிறது.

முதலில் பாத்திரம் துலக்கும் ஸ்பாஞ்சு.
நான்காக வெட்டி நான்கு மூலைக்கும் முட்டுக்கொடுத்தாள்.
பாதி இரைச்சல் அதிலேயே போயிற்று.
வட்டு லேசாகத்தான் தட்டியிருக்கிறது,
வெறும் வயிற்று மேசைதான்
பறையாகி ஊருக்குச் சொல்லியிருக்கிறது.

அடுத்து, மகன் டோமாந்தாஸின் கம்பளிக் காலுறை.
இழுத்து மாட்டியதும் நல்ல அடக்கம்.
அரைமணியில் அடிப்பக்கம் தோசைக்கல்லாய்ச் சுட,
காற்றுவழி அடைபட்ட விசிறி
வட்டைவிடப் பெரிதாய்க் கூவத் தொடங்கியது.
கழற்றினாள்.
அதற்கு மூச்சு முட்டினால்
தனக்குப் பிழைப்பு முட்டும்.

யாரும் கேட்காமலே ராப்பகலாய்
எல்லாக் கோப்புகளையும் எண்ணிக்கொண்டிருந்த
ஒரு வேலையைக் கண்டுபிடித்து நிறுத்தினாள்.
அவள் இதுவரை கேள்விப்படாத வேலை.
கணினியும் சம்பளமில்லாமல்
எதையாவது செய்துகொண்டுதான் இருக்கிறது.

மறுநாள் மேல்மாடி ஜிட்ரூனாஸிடம்
பழைய சைக்கிள் டியூப் கேட்டாள்.
"எதற்கு?"
"ஒரு சத்தத்தை அடக்க."
இரண்டு டியூப் கொடுத்துவிட்டு
சட்டென்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கோப்புகளை நகலெடுத்தாள். மின்கலத்தைக் கழற்றினாள்.
மூக்குக்கண்ணாடிப் பெட்டியின் குட்டித் திருப்புளியால்
நான்கு திருகுகள், தேநீர்த் தட்டில் நான்கு கடுகு.
ஒன்று உருண்டு தரையில் விழ
கால்மணி நேரம் மண்டியிட்டுத் தேடினாள்.
டியூப்பை மோதிரம் மோதிரமாய் நறுக்கி
உலோகம் உலோகத்தைத் தொடாதபடி
இடையில் வைத்து
அதிகம் இறுக்காமல் மூடினாள்.

ஓடவிட்டாள்.
குளிர்பெட்டி கேட்டது.
தூரத்தில் ஒரு கப்பல் கேட்டது.
அடுத்த அறையில் டோமாந்தாஸ் புரண்டு படுப்பது கேட்டது.
விசைப்பலகைமேல் காதை வைத்தால் மட்டும்
எங்கோ இரண்டு தெரு தள்ளி
மழை பெய்வதுபோல் ஏதோ.

காதொலிப்பானை மாட்டினாள்.
"அன்றிரவு கதவைத் திறந்துவிட்டது யார்?"
டிக்.

நிறுத்தினாள். ஒன்றுமில்லை.
ஓடவிட்டாள். டிக் டிக்.

வட்டு இல்லை.
அங்கே, அந்தக் கூண்டுக்குள்,
ஒரு கைப்பையின் கொக்கி
திறக்கிறது, மூடுகிறது, திறக்கிறது.
நேற்றெல்லாம் பழி
இந்த மேசைமேல் விழுந்திருக்கிறது.
பதினோராம் நொடியில் அந்தப் பெண் சொல்கிறாள்:
"நினைவில்லை."

படிவத்தில் கொக்கிக்கு இடமில்லை.
மூன்றாவது முறை கேட்டாள்,
இப்போது விரல் விட்டு எண்ணினாள்: பதினேழு.
இதுவரை இந்த வழக்கில்
அந்தப் பெண் சொன்னவற்றில்
இதுதான் நீளமான வாக்குமூலம்.

அடைப்புக்குறி போட்டு, அமைதி என்று அடித்தாள்.
அழித்தாள்.
அடித்தாள்.
வட்டு, பழக்கிய நாய்போல்,
மூச்சுக்கூட விடாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

காலையில் டோமாந்தாஸ்
தொளதொளத்த ஒற்றைக் காலுறையைத் தூக்கிப் பிடித்து
இதை யார் செய்தது என்பான்.
அந்தக் கேள்விக்கு மட்டும்
அவளிடம் உடனே பதில் உண்டு.